சட்டக் கல்லூரி மாணவர் பேரவைத் தலைவர் பொறுப்பு: ஏற்கலாமா, வேண்டாமா?

கோத்தகிரித் தம்பி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில். கல்லூரி கீழே, சமவெளியில். நீலகிரியிலிருந்து சட்டம் படிக்கப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பேராசிரியர் கூப்பிட்டு, "இந்த ஆண்டு பேரவைத் தலைவராக உன் பெயரைத்தான் போட்டிருக்கிறோம், புதன்கிழமைக்குள் சம்மதம் சொல்" என்றார். எங்கள் கல்லூரியில் தேர்தல் கிடையாது. மதிப்பெண்ணையும் மூட் கோர்ட்டில் (மாதிரி நீதிமன்றப் போட்டியில்) பேசியதையும் பார்த்து ஆசிரியர்களே நியமிப்பார்கள். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் குஞ்சப்பனை தாண்டும்போது பயம் பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலை இறங்கினால் என் ஹாஸ்டல் பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஒரு செமஸ்டர் பிசகினாலும் வீடு தாங்காது. மழையில் ரோட்டில் மண் சரிந்து இரண்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போக முடியவில்லை, அட்டெண்டன்ஸ் 74 சதவீதத்தில் நிற்கிறது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என்னை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அறுநூறு பேர் சார்பாக நான் பேசுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இதுதான் என்னை அரிக்கிறது. பெரியவர்கள் சொல்லுங்கள்.


அரவேணு அப்பா | ஞாயிறு, இரவு 9.52

தம்பி, உன் அப்பா இடத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேண்டாம்.

என் மகளும் சட்டம்தான் படிக்கிறாள், முதல் வருடம். அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது என் கண்ணுக்குள் ஓடியது ஒரே காட்சி. 2008 நவம்பர் 12. சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரிக்குள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டையால் அடித்துக்கொண்டார்கள். விழுந்து கிடந்தவனையும் விடாமல் அடித்ததை, போலீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை, எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஒரு போஸ்டரில் கல்லூரிப் பெயரில் அம்பேத்கர் பெயரை விட்டு அச்சடித்ததில் மூண்ட சண்டை. அடித்தவனும் அடிபட்டவனும் நாளைக்குக் கறுப்பு அங்கி போட வேண்டியவர்கள். கடைசியில் 2018ல் அந்தக் கல்லூரியையே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள்.

தலைவர் என்று பெயர் வந்துவிட்டால் சண்டை உன்னைத் தேடி வரும். விலக்கிவிடப் போனாலும் எப்.ஐ.ஆரில் முதல் பெயர் உன்னுடையதாக இருக்கும். கீழே ஒரு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க நமக்கு யார் இருக்கிறார்கள்? முதலில் படித்து முடி, பார் கவுன்சிலில் பதிவு செய். அப்புறம் ஊருக்கு என்ன வேண்டுமானாலும் செய்.


உதகை வக்கீல் | ஞாயிறு, இரவு 10.35

அரவேணு ஐயாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் அதற்கே முதலில் பதில். வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 24ஏ: ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பதிவு செய்யக் கூடாது, விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை நீங்கும். எப்.ஐ.ஆர் போட்டதாலேயே யாரும் தண்டனை பெற்றவர் ஆகிவிட மாட்டார். ஆனால் பதிவு விண்ணப்பத்தில் நிலுவை வழக்கை மறைக்கவும் கூடாது. என்னிடம் ஜூனியராக வந்த ஒருவருக்குக் கல்லூரிக் காலத்து மறியல் வழக்கு ஒன்று இருந்தது. அது முடிந்து பதிவு கிடைப்பதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆகவே பயப்படுவதில் தப்பில்லை. பயந்து ஒதுங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இனி உன் கேள்வி, தம்பி. உன் உறுத்தல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று, கேரளப் பல்கலைக்கழக வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. பொதுவாகத் தேர்தல் நடக்க வேண்டும், அமைதியாகத் தேர்தல் நடத்த வாய்ப்பே இல்லாத இடத்தில் நியமன முறை, அதுவும் ஐந்தாண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும். குழு சொன்னது இது. தற்காலிகமாக வைத்த ஏணியிலேயே பல கல்லூரிகள் குடித்தனம் நடத்துகின்றன.

தேர்தல் நடந்தால் என்ன நிபந்தனை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். 75 சதவீத வருகை வேண்டும், அந்த ஆண்டு அரியர் இருக்கக் கூடாது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, முடிவு வந்து இரண்டு வாரத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். வேட்புமனு முதல் முடிவு வரை பத்து நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நிர்வாகி பதவிக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் நிற்கலாம். இளநிலை மாணவருக்கு வயது 17 முதல் 22. படிப்பே நான்கு, ஐந்து ஆண்டு என்றால் வயதைத் தளர்த்தலாம். உன் 74 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், தேர்தல் என்றால் உன்னால் நிற்கவே முடியாது. அதையும் யோசி.


குந்தா பழைய மாணவன் | திங்கள், காலை 6.40

வக்கீல் சார் அட்டெண்டன்ஸ் பற்றிச் சொன்னதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தம்பி இதைப் படித்த பிறகு முடிவு எடுக்கட்டும்.

நான் நான்காம் ஆண்டில் பேரவைச் செயலாளர். 2019 ஆகஸ்ட். 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் வீட்டுக்கு வந்திருந்தேன். ரோடு துண்டாகி, கரண்ட் போய், ஒன்பது நாள் கீழே இறங்கவே முடியவில்லை. அது போக, பேரவை வேலை. வேலை என்றால் என்ன? சிறப்பு விருந்தினருக்குக் கார் ஏற்பாடு செய்வது, சால்வை வாங்குவது, கல்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் தேடிக் கடை கடையாக ஏறுவது. "எல்லாவற்றுக்கும் ஓ.டி. போட்டுவிடலாம், கவலைப்படாதே" என்று ஒரு சார் வாயால் சொன்னார். ஓ.டி. என்றால் ஆன் டூட்டி, கல்லூரி வேலையில் இருந்த நேரத்தை வருகையாகக் கணக்கிடுவது. நானும் நம்பினேன்.

ஹால் டிக்கெட் வாங்கப் போன அன்று சொத்துரிமைச் சட்டத்தில் 61 சதவீதம். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 12ஆம் விதியைக் காட்டினார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும். விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை இறங்கலாம், அப்போதும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருக்க வேண்டும். வாயால் சொன்ன சார் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். நான் சட்டம் படிப்பவன், மாணவர்களின் செயலாளர். எனக்காக ஒரு வரி எழுதி வாங்கத் தெரியவில்லை. அந்தப் பேப்பரை அடுத்த வருடம் எழுதினேன். அம்மா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் வலிக்கிறது.

ஏற்றுக்கொள் தம்பி. ஆனால் பேரவை வேலை எத்தனை மணி நேரம், அதற்கு ஓ.டி. யார் போடுவார், எத்தனை நாளுக்குள் போடுவார் என்று கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்.


பந்தலூர் இளைஞன் | திங்கள், காலை 8.15

எல்லோரும் பயமுறுத்துவதையே பார்க்கிறேன். கொஞ்சம் மறுபக்கமும் பேசுவோம். அருண் ஜெட்லி 1974ல் டில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக இருந்தபோது சட்ட மாணவர். அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை, 19 மாதம் சிறை. வெங்கய்ய நாயுடு 1973-74ல் ஆந்திரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் மாணவர் சங்கத் தலைவர், விசாகப்பட்டினத்தில் சட்டம் படித்தவர். தமிழ்நாட்டில் 1967ல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்து வந்தவர்தானே. அவர்களின் அரசியல் நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். கூட்டத்தின் முன்னால் நின்று பேசும் தைரியம் அந்த வயதில் வந்தால்தான் உண்டு.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் மாணவர் அமைப்புக்கு ஸ்டூடண்ட் பார் அசோசியேஷன் என்றுதான் பெயர். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளிலும் அதே பெயர். அதாவது நாளை நீ போகப் போகிற வழக்கறிஞர் சங்கத்துக்கு இது பயிற்சி. நம் மலைப் பிள்ளைகள் எப்போதும் பின் பெஞ்சில் கூச்சத்தோடு உட்கார்ந்தே பழகிவிட்டோம். கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் தம்பி, விடாதே.


கூடலூர் அக்கா | திங்கள், மதியம் 1.30

பந்தலூர்த் தம்பி சொல்வது போல முன்னால் நின்று பேசும் தைரியம் எனக்கு அந்த வயதில் நிறைய இருந்தது. அந்தத் தைரியம் என்ன செய்தது என்று சொல்கிறேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

எங்கள் வீடு இருப்பது ஜன்ம நிலத்தில். அதாவது ஜன்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் நிலம். அந்த நிலத்தில் தோட்டக் குத்தகை பற்றிச் சொல்லும் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1969, பிரிவு 17 என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்குக் கூடப் புரியும். சட்டம் படிக்க நான் போனதே அதனால்தான். மூன்றாம் ஆண்டில் பேரவைத் துணைத் தலைவர் ஆனேன்.

அந்த ஆண்டு முதலாண்டுக்கு எங்கள் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பணியர் சமூகம். அவள் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பழங்குடியினர் சாதிச் சான்று கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். அது வரும் வரை ஹாஸ்டல் கிடையாது, கட்டணச் சலுகை கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அவள் துணிப்பையோடு எங்கள் அறையில் வந்து படுத்துக்கொண்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை கல்லூரி வாசலில் கூட்டம் போட்டேன். மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொன்னேன், சமூகத்தைச் சொன்னேன், அவள் அப்பாவின் கூலி எவ்வளவு என்று சொன்னேன், அவர்கள் வீட்டுக் கூரை எப்படி இருக்கும் என்று கூடச் சொன்னேன். கைதட்டல் நிற்கவே இல்லை. நன்றாகப் பேசினேன் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அறைக்குப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். "அக்கா, இனிமே காலேஜ்ல எல்லாருக்கும் நான் யாருன்னு தெரியும்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. விடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவள் கஷ்டம் எனக்கு மேடையாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். அப்போதுதான் முதல் முறையாக, "நீ என்ன கேட்க நினைக்கிறாய்?" என்று கேட்டேன். சான்று வர ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் போதும் என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. இருவரும் உட்கார்ந்து ஒரு பக்க மனு எழுதினோம். சான்றுக்கு விண்ணப்பித்த ரசீதையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் இணைத்தோம். அவளே கையெழுத்துப் போட்டாள், அவளே உள்ளே கொண்டு போய்க் கொடுத்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் இடம் கிடைத்தது.


உதகை வக்கீல் | திங்கள், மாலை 7.05

கூடலூர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் முப்பது வருடத் தொழிலில் கற்றதைத்தான் நீங்கள் மூன்றாம் ஆண்டில், அந்தப் பெண் முகம் திருப்பிப் படுத்த நிமிடத்தில், கற்றிருக்கிறீர்கள்.

தம்பி, நீ இரண்டு நாளாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் உன் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3, விதி 4. கட்சிக்காரர் எழுத்தில் கையெழுத்துப் போட்டு நியமிக்காமல் எந்த வக்கீலும் அவருக்காக வழக்கு நடத்த முடியாது. அந்தத் தாள்தான் வக்காலத்து. எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும், அந்தத் தாள் இல்லாமல் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. கேட்காமலே ஒருவருக்காகப் பேச வந்தால், "உனக்கு யார் வக்காலத்துக் கொடுத்தார்கள்?" என்று நம் ஊரில் கேட்பார்களே, அது வெறும் சொலவடை இல்லை, சட்டம்.

ஆசிரியர்கள் உனக்குக் கொடுப்பது பதவி. வக்காலத்து அவர்கள் கையில் இல்லை, மாணவர்கள் கையில் இருக்கிறது. தேர்தல் நடந்திருந்தால் மொத்தமாக ஒரு பொது வக்காலத்து கிடைத்திருக்கும். நடக்கவில்லை, சரி. அப்படியானால் ஒவ்வொரு விஷயத்துக்கும் சம்பந்தப்பட்டவரிடம் தனித்தனியாகப் போய் வாங்கு. தேர்தலில் ஜெயித்த தலைவர்கள் கூடச் செய்யாத வேலை அது.


குன்னூர் ஓய்வுப் பேராசிரியர் | திங்கள், இரவு 8.50

ஆசிரியர் தரப்பிலிருந்து ஒருவன் பேச வேண்டும் என்பதால் வருகிறேன். நியமனக் குழுவில் நானும் பல ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் தேர்தலைத் தவிர்த்ததற்குக் காரணம் ஆணவம் இல்லை, பயம். ஒரு பிள்ளையின் மண்டை உடைந்து, அவன் தாய் வந்து நம் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஜனநாயகமும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "அமைதியான பையனாகப் பார்ப்போம்" என்று பேசிக்கொள்வோம். கேள்வி கேட்காத பையன் என்பதுதான் அதற்கு அர்த்தம். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

தம்பிக்குப் பயன்படும் விஷயம் ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளை எடுத்துப் படி. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் மாணவப் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்பெர்சன்) மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு தெளிவாக வழி போட்டு வைத்திருக்கிறார்கள். என் காலத்தில் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள் என்றால், அவர்களுக்கு வேறு வாசலே இருக்கவில்லை. இப்போது இருக்கிற வாசலை யாரும் தட்டுவதில்லை. சட்ட மாணவன் தலைவனாக வந்தால் முதலில் தட்ட வேண்டியது அதைத்தான்.


பந்தலூர் இளைஞன் | திங்கள், இரவு 9.20

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். மனு கொடு, காத்திரு, மேல்முறையீடு செய் என்று சொல்லிச் சொல்லியே நம்மை அடக்கி வைத்துவிடுகிறார்கள். அதற்குள் அந்தப் பெண்ணின் ஒரு வருடம் போயிருக்கும். கூடலூர் அக்கா அன்று கூட்டம் போட்டதால்தானே கல்லூரி இறங்கி வந்தது? மனுவால் மட்டும் வந்தது என்று எப்படிச் சொல்வது?


கூடலூர் அக்கா | திங்கள், இரவு 10.00

நல்ல கேள்வி தம்பி. நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். கூட்டத்தின் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. கூட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சான்றுக்காகக் காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவகாசம் கொடு என்று அவள் பெயரைச் சொல்லாமலே கூட்டம் போட்டிருக்கலாம். அவள் சம்மதித்திருந்தால் அவளையே பேசச் சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம் கோஷத்தில் இல்லை, கேட்காமல் செய்ததில்.

உதகையில் 2022ல் புதிய ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் திறந்தார்கள். அங்கே பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி வேண்டும் என்ற கோரிக்கை 2023ல் உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றத்திடம் அறிக்கை கேட்டார்கள். அதைக் கேட்டது யார்? அந்தக் கஷ்டத்தை அன்றாடம் பட்ட பெண்களே, தங்கள் சங்கத்தின் பெயரால். வேறு யாரோ ஒருவர் மேடை போட்டுப் பேசியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.


அரவேணு அப்பா | செவ்வாய், காலை 7.10

நேற்று இரவு என் மகளுக்குப் போன் போட்டு இதையெல்லாம் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அப்பா, எங்க ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு கேட் பூட்டிடறாங்க, லைப்ரரி எட்டு மணி வரைக்கும் இருக்கு. இதைப் பத்தி எங்களை யாரும் கேட்டதே இல்ல" என்றாள். மூன்று மாதமாக வாரம் இரண்டு முறை பேசுகிறேன், எனக்குக் கூட அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தம்பி, வேண்டாம் என்று சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ ஏற்றுக்கொண்டால் அவளைப் போன்ற பிள்ளைகளிடம் போய்க் கேள்.


கோத்தகிரித் தம்பி | புதன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பேராசிரியரைப் பார்த்தேன். நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். பேரவை வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் ஓ.டி. வேண்டும். பேரவையின் வரவு செலவு மாதம் ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த ஆண்டு தேர்தல் நடத்த லிங்டோ குழு சொன்ன முறையில் ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் ஏற்கிறேன் என்று எழுதியிருந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டுக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மூன்றாவதை நிர்வாகத்திடம் கொண்டு போகிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். யோசித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். தேர்தல் வேண்டும் என்பதை இந்த ஒரு வருடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

குந்தா அண்ணா, அந்த ஓ.டி. தாளை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன்.


குந்தா பழைய மாணவன் | புதன், இரவு 9.48

இதைப் படித்ததும் ஏதோ எனக்கே அந்த செமஸ்டர் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது, தம்பி. இன்னொன்று: கூட்டம் நடந்தால் யார் வந்தார்கள், என்ன முடிவு என்று அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. மறுநாளைக்குத் தள்ளாதே.


கோத்தகிரித் தம்பி | அடுத்த செவ்வாய், இரவு 10.15

ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டினேன்: உங்களுக்காகப் பேரவை எதைப் பற்றிப் பேச வேண்டும், உங்கள் பெயரைச் சொல்லலாமா கூடாதா, இரண்டையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். பெண்கள் விடுதிக்குத் தனிப் பெட்டி. அதைத் திறப்பது துணைத் தலைவி மட்டும்.

மொத்தம் 143 சீட்டு. நான் நினைத்தது வேறு, வந்தது வேறு. மலை மாணவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் வகுப்புதான் பெரிய பிரச்சினை என்று நினைத்துப் பேச்சே தயார் செய்து வைத்திருந்தேன். அதை எழுதியவர்கள் ஏழு பேர்தான். அதிகம் பேர் எழுதியது லைப்ரரியில் பழைய தீர்ப்புத் தொகுதிகள் இரண்டு மேஜைக்கு மட்டும் கிடைக்கிறது என்பதைப் பற்றி. இரண்டாவது விடுதி கேட். அரவேணு ஐயா, உங்கள் மகள் படிப்பது எந்தக் கல்லூரியோ தெரியாது, ஆனால் எங்கள் பெண்கள் விடுதியிலும் அதே கதைதான். 38 பேர் கையெழுத்துப் போட்டு, பெயர் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை குறைதீர்ப்புக் குழுவில் கொடுக்கிறோம். 15 வேலை நாளை காலண்டரில் குறித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா, வக்கீல் சார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெண்கள் விடுதிப் பெட்டியில் பெயர் இல்லாமல் ஒரு சீட்டு. வகுப்பில் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் பற்றி. விவரம் எதுவும் இல்லை. "இதைப் பற்றிப் பேச வேண்டாம், யாருக்காவது தெரிந்தால் போதும்" என்று முடித்திருக்கிறார்.


கூடலூர் அக்கா | அடுத்த செவ்வாய், இரவு 10.40

பேசாதே. யார் எழுதியது என்று தேடவும் வேண்டாம், கையெழுத்தை யாருடனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். சீட்டை இப்போது துணைத் தலைவி மட்டும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

ஆனால் சும்மாவும் இருக்காதே. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழு இருக்க வேண்டும். மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அதில் தேர்தல் மூலம் வந்த மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் இருக்கிறார்களா என்று கேட்டு வாங்கு. குழுவில் யார் யார், எங்கே பார்க்கலாம், எந்த எண்ணில் அழைக்கலாம் என்று பெண்கள் விடுதி ஒவ்வொரு மாடியிலும், லைப்ரரியிலும், கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டச் சொல். எல்லோருக்கும் பொதுவாக. எந்த வகுப்பு என்று ஜாடை கூடத் தெரியக் கூடாது. புகார் எழுத உதவி வேண்டும் என்றால் வர நான் இருக்கிறேன் என்று துணைத் தலைவியிடம் சொல்லி வை. அந்தப் பெண் தயாரானால் அவளே வருவாள்.


உதகை வக்கீல் | அடுத்த செவ்வாய், இரவு 10.55

கூடலூர் அம்மா சொன்னதுதான் சரி. இன்னொன்று சேர்த்துக்கொள்கிறேன். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று வக்கீலைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உன்னை இப்போது எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தவில்லை. நீயாகக் கட்டுப்பட வேண்டும். இங்கே எழுதியதையே கூட இதோடு நிறுத்திக்கொள்.


கோத்தகிரித் தம்பி | அடுத்த புதன், இரவு 8.20

சரி சார். சரி அக்கா. குழு விவரத்தை இன்று மதியம் துணைத் தலைவியும் நான்கு பேரும் சேர்ந்து கையால் எழுதி, அக்கா சொன்ன எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். மாணவப் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கான கடிதத்தை நாளை குறைதீர்ப்பு மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.